ஜேஜேபியில் வக்கீலுக்கு என்ன வேலை?

2025 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்தது. 1994இல் டேராடூனில் நடந்த மூன்று கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர் அவர். 2012இல் குடியரசுத் தலைவர் அதைக் குறைத்தார். ஆனால் 60 வயதுவரை வெளியே விடக்கூடாது என்று நிபந்தனை வைத்தார். மொத்தம் 25 ஆண்டுச் சிறை. குற்றம் நடந்தபோது அவருக்கு வயது 14.

இதை அவர் மறைக்கவே இல்லை. விசாரணை நீதிமன்றம் தண்டனை பற்றிக் கேட்டபோதே சொல்லிவிட்டார். வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார், அப்படியானால் மேஜர்தான் என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதன்பிறகு மேல்முறையீடு, மறுஆய்வு, கருணை மனு என்று எத்தனையோ படி ஏறி இறங்கியும், பள்ளிச் சான்றிதழை மேசையில் வைத்து ஒழுங்காக விசாரித்து முடிவு சொல்ல கால் நூற்றாண்டு ஆனது. இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2023 மார்ச்சில், புனே கொலை வழக்கொன்றில் தூக்குக் கைதியாக இருந்த ஒருவரும் இப்படித்தான் வெளியே வந்தார். 28 ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறார். ராஜஸ்தான் பள்ளிப் பதிவேட்டின்படி குற்றம் நடந்த அன்று அவருக்குப் பன்னிரண்டரை வயது.

இரண்டு பேருக்கும் வக்கீல் இருந்தார்கள். சிறார் வழக்கு நடக்கும் ஜேஜேபி என்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் தற்காப்பு என்றவுடன் சினிமாவில் வரும் குறுக்கு விசாரணையை நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒரு பையனின் வழக்கு அதற்கு வெகு முன்பே, பிறந்த தேதியிலும், முதல் நாள் காவல் நிலையத்திலும், எஃப்ஐஆரில் போடப்படும் பிரிவிலும், ஓர் உளவியலாளர் எழுதும் இரண்டு பக்க அறிக்கையிலும் பாதி முடிந்துவிடுகிறது. அந்த இடங்களில் அவன் பக்கம் யாராவது இருந்தார்களா என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் குழந்தைகளுக்கென முதலில் தனிச்சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. 1920ஆம் ஆண்டு மதராஸ் குழந்தைகள் சட்டம். அந்தக் காலத்துச் சட்டங்களில் ஒரு நம்பிக்கை இழையோடும்: இது தண்டிக்கும் இடமல்ல, திருத்தும் இடம், நல்லது செய்யத்தானே உட்கார்ந்திருக்கிறோம், இங்கே வக்கீல் எதற்கு? யூனியன் பிரதேசங்களுக்காக வந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதியது. குழந்தைகள் நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி இல்லாமல் வழக்கறிஞர் ஆஜராக முடியாது. அந்தத் தடை பிறகு போய்விட்டது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அரிசோனாவில் 15 வயதுப் பையன் ஒருவன், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று, வக்கீலும் இல்லாமல், புகார் சொன்ன பெண்ணே நேரில் வராமல், 21 வயதுவரை சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறாருக்கும் வக்கீல் உரிமை உண்டு என்று அந்தப் பையன் பெயரால் அறியப்படும் கால்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம், அல்லது இரண்டு மாதச் சிறை. நல்லது செய்கிறோம் என்கிற இடத்தில்தான் எதிர்த்துப் பேச ஆள் வேண்டும்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். 2012 டெல்லி பாலியல் வன்கொலை வழக்கில் தொடர்புடைய சிறாருக்கு மூன்றாண்டு சிறப்பு இல்லம்தான் கிடைத்தது என்ற கோபத்தில் உருவானது. அவர் விடுவிக்கப்பட்டது 2015 டிசம்பர் 20. மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது 22ஆம் தேதி. சிறார் வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என்று, அந்த வழக்கை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு சொல்லியிருந்ததை அந்த வேகத்தில் யாரும் காதில் வாங்கவில்லை. 18 என்ற வரம்பு அப்படியே நின்றது. ஆனால் 16 வயதைத் தாண்டியவர் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று பார்க்கும் வழி திறந்துவிடப்பட்டது.

சட்டம் எழுத்தில் தாராளமானதுதான். சிறுவனை லாக்கப்பில் வைக்கக்கூடாது, சிறைக்கு அனுப்பக்கூடாது, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.  2016 மாதிரி விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோ தவிர எஃப்ஐஆரே போடக்கூடாது. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, பையனின் பின்னணி பற்றிய படிவத்தை நிரப்பி, பெற்றோருக்குத் தகவல் சொல்லிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும். விலங்கு மாட்டக்கூடாது, எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக்கூடாது.

படித்தால் நன்றாக இருக்கிறது. நிலையத்தில் நடப்பது வேறு. நாலு பேரோடு சேர்த்துப் பிடிக்கும்போது மீசை அரும்பிய பதினேழு வயதுக்காரனுக்கு 'வயது 19' என்று எழுதிவிட்டால் மேலே சொன்ன எதுவும் அவனுக்குப் பொருந்தாது. வழக்கமான மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, ரிமாண்ட் வாங்கி, பெரியவர்கள் சிறைக்கு அனுப்பிவிடலாம். அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல் முதலில் கேட்பது என்ன நடந்தது என்பதை அல்ல. "டிசி இருக்கா? பத்தாவது மார்க் ஷீட் இருக்கா?" என்றுதான் கேட்பார். சட்டத்தின் 94ஆம் பிரிவு இதற்கு வரிசையே போட்டுக் கொடுத்திருக்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது மெட்ரிக் சான்றிதழ்; அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று; இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புப் பரிசோதனை. எலும்புப் பரிசோதனையில் இரண்டு வயது முன்பின் ஆகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1982இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது குற்றம் நடந்த நாளில் இருந்த வயது, பிடிபட்ட நாளின் வயது அல்ல. இந்த வாதத்தை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், தண்டனை இறுதியான பிறகும்கூட எழுப்பலாம் என்கிறது 9ஆம் பிரிவு. டேராடூன், புனே வழக்குகளில் கதவு திறந்தது அதனால்தான். ஆனால் முதல் வாரத்தில் கொடுக்க வேண்டிய ஒரு தாளை 25 வருடம் கழித்துக் கொடுத்தால் யாருக்கு என்ன பலன்?

அடுத்தது பிரிவு. சிறார் வழக்குகளில் அதிகம் கவனிக்கப்படாத, ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற இடம் இது என்பேன். சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: சிறு குற்றம், கடுங்குற்றம், கொடுங்குற்றம். மூன்றாண்டுவரை தண்டனை உள்ளவை சிறு குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டோ அதற்கு மேலோ இருந்தால் கொடுங்குற்றம். நடுவில் இருப்பவை கடுங்குற்றம். குறைந்தபட்சம் என்று எதுவும் சொல்லாமல், அதிகபட்சம் மட்டும் ஏழாண்டுக்கு மேல் போகிற குற்றங்கள் எதில் சேரும் என்று சட்டத்தில் இல்லை. அவையும் கடுங்குற்றமே என்று 2020 ஜனவரியில் ஷில்பா மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 திருத்தத்தில் அது சட்டமாகவே ஆனது.

இதைக் கீழே இறக்கிப் பார்ப்போம். பதினாறரை வயதுப் பையன் தெருவில் நடந்து போகிறவரிடம் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கு மூன்றாண்டுவரை, சிறு குற்றம். மிரட்டிப் பிடுங்கினால் வழிப்பறி. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது, ஆகவே கடுங்குற்றம். 'பட்டாக்கத்தியைக் காட்டி மிரட்டி' என்று புகாரில் ஒரு வரி சேர்ந்தால் 311ஆம் பிரிவு வந்துவிடும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 397. கொலைக்கருவியைப் பயன்படுத்தி வழிப்பறி செய்தால் குறைந்தது ஏழாண்டு. அந்த ஒரே வரியில் பையன் கொடுங்குற்ற வரிசைக்குப் போய்விடுகிறான். பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்ற கேள்வி அவன் தலைமேல் வந்து நிற்கிறது. செல்போன் அதேதான், ஓடிய தூரமும் அதேதான். ஆகவே கத்தி எங்கே கைப்பற்றப்பட்டது, யார் கையில் இருந்தது, முதல் புகாரில் கத்தி உண்டா அல்லது இரண்டாவது வாக்குமூலத்தில்தான் முளைத்ததா என்பதையெல்லாம் சாட்சி விசாரணைவரை தள்ளிப்போடாமல் முதல் வாய்தாவிலேயே எழுப்ப வேண்டியிருக்கிறது. கஞ்சா வழக்கிலும் இதே கணக்கு: வணிக அளவு என்றால் குறைந்தபட்சம் பத்தாண்டு. ரயிலில் யாரோ கொடுத்த பையைத் தூக்கி வந்த பையனுக்கு, பையின் எடைதான் தலையெழுத்து.

ஜாமீன் விஷயத்தில் சட்டம் பையன் பக்கம்தான் சாய்கிறது. 12ஆம் பிரிவுப்படி விடுவிப்பதுதான் விதி, மறுப்பது விலக்கு. தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், உடலுக்கோ மனதுக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும். இந்த மூன்றில் ஒன்று உண்டு என நம்பக் காரணம் இருந்தால்தான் மறுக்கலாம், அந்தக் காரணத்தை எழுதவும் வேண்டும். ஓராண்டுக்கு மேல் அடைபட்டிருந்த ராஜஸ்தான் சிறுவன் ஒருவனுக்கு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அந்த விலக்கு பொருந்தும் என்று கீழே யாருமே பதிவு செய்திருக்கவில்லை. ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் ஆகிவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காகப் பையனை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். சூரிட்டிக்கு, அதாவது பிணை நிற்க, ஆள் பிடிக்க முடியாத குடும்பங்களுக்கு இது பெரிய வழி; பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முன்ஜாமீன் மட்டும் தமிழ்நாட்டில் சிக்கல். சிறாரைக் 'கைது' செய்வதே இல்லை, ஆகவே முன்ஜாமீன் கேட்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2017இல் சொல்லிவிட்டது. வேறு சில உயர் நீதிமன்றங்கள் முடியும் என்கின்றன.

ஜாமீன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் செங்கல்பட்டு போதும். ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் 2022 டிசம்பர் கடைசியில் அங்குள்ள அரசு இல்லத்தில் சேர்க்கப்பட்டான்; ஆண்டு முடியும் நாளில் இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக இல்ல ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். பேட்டரி திருட்டு எந்தக் கணக்கிலும் கொடுங்குற்றம் ஆகாது. பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்து இல்லங்களின் நிலையை ஆராயச் சொன்னது. 'ஹோமுக்குத்தானே போகிறான், ஜெயிலுக்கா போகிறான்' என்று சாதாரணமாகச் சொல்பவர்கள் இந்த ஒரு வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும், இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். உயர்ந்த மேடை, சாட்சிக் கூண்டு எதுவும் இருக்கக்கூடாது. ஒரு மேசை, எதிரே நாற்காலிகள். வீட்டுப் பஞ்சாயத்து போலத் தெரியும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. "ஒத்துக்கடா, புத்தி சொல்லி அனுப்பிச்சிருவாங்க, வேலைக்கு லீவு போட்டுட்டு எத்தனை வாட்டிதான் நான் வர்றது" என்று அம்மா கிசுகிசுப்பார். அவர் நிலைமை அப்படி. பையனும் தலையாட்டுவான். திருடவில்லை என்றாலும் ஆட்டுவான். அறிவுரையோ, குழு ஆலோசனையோ, சமூக சேவையோ, அதிகம் போனால் மூன்றாண்டு சிறப்பு இல்லமோதானே என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த முறை தெருவில் எது காணாமல் போனாலும் போலீஸ் கதவைத் தட்டும் முதல் வீடு அவனுடையதாகிவிடும்.

நல்ல வக்கீல் அந்த நேரத்தில், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க, நான் தம்பிகிட்ட தனியாப் பேசிட்டு வர்றேன்" என்பார். இது மரியாதைக்குறைவு அல்ல. வக்காலத்தில் கையெழுத்துப் போடுவது பெற்றோராக இருக்கலாம், கட்சிக்காரன் பையன்தான். அப்பா மகனை ஒரு மாதம் உள்ளே வைத்தால் திருந்துவான் என்று நினைக்கலாம். நன்னடத்தை அலுவலருக்கு அவன் படிப்பைத் தொடர வேண்டும் என்ற அக்கறை இருக்கலாம். எல்லாம் நல்ல எண்ணம்தான். ஆனால் 'நான் செய்யவில்லை' என்று அவன் சொல்வதை அப்படியே எடுத்து வைக்க அந்த அறையில் ஒருவராவது இருக்க வேண்டுமல்லவா? நாள் கணக்கு வைத்துக்கொள்வதும் அவர் வேலைதான். விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும், நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம். சிறு குற்ற வழக்கு அதற்குள் முடியாவிட்டால் தானாகவே கைவிடப்பட்டதாகும். யாராவது எழுந்து சொன்னால்தான் அது நடக்கும்.

கொடுங்குற்ற வழக்கில், 16 வயதைக் கடந்த சிறாருக்கு முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. அந்தக் குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்ததாகச் சொல்லப்படுகிறது. இவற்றைப் பார்த்துவிட்டு, வழக்கைத் தானே விசாரிப்பதா, பெரியவரைப் போல விசாரிக்கக்கூடிய குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்று குழுமம் முடிவெடுக்கும். இது விசாரணை அல்ல என்று சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. செய்தானா என்றே முடிவாகாதபோது, செய்யும் திறன் இருந்ததா என்று கேட்டால் செய்தான் என்று வைத்துக்கொண்டுதானே பேச முடியும்? உளவியலாளர் அன்பாக, "அன்னைக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்பார். பையன் சொல்வதை எழுதுவார். போலீஸிடம் சொன்னால் செல்லாத ஒப்புதல், இங்கே அறிக்கையாகிக் கோப்பில் உட்கார்ந்துகொள்ளும். எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அந்த அறைக்குள் போகும் முன் பையனிடம் பேசி வைப்பது தற்காப்பின் அடிப்படை.

குருகிராம் பள்ளி வழக்கு இதற்குப் பாடம். 2017 செப்டம்பரில் ஏழு வயது மாணவன் பள்ளிக் கழிவறையில் கழுத்தறுபட்டு இறந்தான். போலீஸ் முதலில் பிடித்தது பள்ளிப் பேருந்து நடத்துநரை. ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் சொன்னது. பிறகு சிபிஐ அதே பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்த 16 வயது மாணவனைப் பிடித்தது, நடத்துநர் விடுவிக்கப்பட்டார். பெரியவர் ஒருவரிடமிருந்தே செய்யாத குற்றத்துக்கு ஒப்புதல் வர முடியுமென்றால் பையன் எம்மாத்திரம்? மாணவனைப் பெரியவராக விசாரிக்கலாம் என்று குழுமம் சொன்னதை 2018இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பையனின் குடும்பப் பின்னணியைச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கையின் நகலும் உளவியல் அறிக்கையின் நகலும் தரப்படாதது அதற்கு ஒரு காரணம். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை உறுதிசெய்தது. குழந்தை உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ பட்டம் பெற்றவர் குழுமத்தில் இல்லையென்றால், நிபுணர் உதவியைப் பெறுவது கட்டாயம் என்றும் சொன்னது.

சேலத்துக் கொலை வழக்கு ஒன்றில் இந்த மதிப்பீடே நடக்கவில்லை. குற்றப்பத்திரிகை நேராகக் குழந்தைகள் நீதிமன்றமாக இயங்கிய அமர்வு நீதிமன்றத்துக்குப் போய், விசாரணை நடந்து, தண்டனையும் ஆகிவிட்டது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மொத்த விசாரணையும் செல்லாது என்று தண்டனையை ரத்து செய்தது. உயிர் போன குழந்தையின் குடும்பத்துக்கு இதில் என்ன நீதி கிடைத்தது என்று கேட்கத் தோன்றும்; கேட்க வேண்டியதுதான். முதலிலேயே முறைப்படி செய்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கும் இந்த நிலை வந்திருக்காது.

தமிழ்நாட்டில் இதே மதிப்பீட்டுக்குள் வந்து மாட்டிக்கொள்ளும் இன்னொரு வகைப் பையன்கள் உண்டு. பதினாறு வயதுப் பெண்ணும் பதினேழு வயதுப் பையனும் வீட்டைவிட்டுப் போகிறார்கள். பெண் வீட்டார் புகார், போக்சோ. அதில் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டு, சில பிரிவுகளில் இருபது. ஆகவே கொடுங்குற்றம். இரண்டு பேரும் மைனர்தான். ஒருவர் பாதிக்கப்பட்டவர், மற்றவர் குற்றம் சாட்டப்பட்டவர். சாதி வேறாக இருந்தால் புகாரின் வேகம் சொல்லவே வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றம் 2019இலிருந்து இதைப் பற்றிக் கவலை தெரிவித்து வருகிறது. இளம்பருவக் காதலைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமல்ல என்று 2021இல் சொன்னது. மனமொத்த உறவு தொடர்பான வழக்குகளைப் பட்டியலிட்டுத் தரும்படி 2023இல் காவல் துறையைக் கேட்டது. ஆனாலும் குழுமத்தில் நிற்கும் பையனுக்கு அந்தத் தீர்ப்புகளை எடுத்துக்கொண்டுபோய், வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட ஆள் வேண்டும்.

ஆள் வேண்டுமென்றால் பணம் வேண்டுமா? வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, குழந்தை என்பதாலேயே இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்றிதழ் கேட்கக்கூடாது. 15100 என்ற எண்ணை அழைக்கலாம். இளைஞர் நீதிச் சட்டமும் குழுமத்தின் கடமைகளில் இதைச் சேர்த்திருக்கிறது. நடைமுறையில் ஒரு குழப்பம் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர் இருப்பார். அவர் பையனின் வக்கீல் அல்ல. எதிரே உட்கார்ந்திருக்கும் அரசு உதவி வழக்கறிஞரும் அல்ல. "அதான் அரசாங்க வக்கீல் இருக்காரே" என்று திருப்தியோடு திரும்பும் பெற்றோர் உண்டு. அவர் வழக்கு நடத்துவது பையனுக்கு எதிராக.

வழக்கு முடிந்த பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. இந்தச் சட்டத்தின்கீழ் வந்த முடிவால் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. பெரியவராக விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது கிடையாது. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் தேர்வான ஒருவருக்குச் சிறுவயது வழக்கைக் காட்டி வேலை மறுக்கப்பட்டபோது, மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. ஆனால் அந்த வழக்கு சரிபார்ப்பில் ஏன் வெளியே வந்தது? மேல்முறையீட்டுக் காலமோ, விதிகள் சொல்லும் ஏழாண்டோ முடிந்ததும் ஆவணங்களை அழித்திருக்க வேண்டும். பெரும்பாலும் அதை யாரும் கேட்பதில்லை. காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வயது வரும்போதுதான் குடும்பம் பழைய வக்கீலைத் தேடி ஓடிவருகிறது. வழக்குக் கட்டை மூடிவைப்பதற்கு முன் அந்தத் தேதியை நாட்குறிப்பில் குறித்துவைத்து, காலம் முடிந்ததும் குழுமத்தில் ஒரு மனு போட்டு, காவல் நிலையப் பதிவேட்டிலும் பெயர் இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டால் அந்த ஓட்டம் மிச்சம்.